காலங் கடந்த குற்றச்சாட்டு

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து ஆபீஸ் ஸ்டோரில் பழைய செக்ரோல் புத்தகமொன்றைத் தேட நேர்ந்தது. பதினோராண்டுகளுக்கு முன் பால்வெட்டிய ஓர் அம்மையாரின் வேலைநாட்களைப் பற்றிய தகராறு அது. புத்தகம் கிடைத்தது; வேண்டிய பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அதை எழுதிய கிராணியோ காலமாகிவிட்டார். அம்மையார் பொய் சொல்லவில்லையென்று என் மனம் கூறிற்று. ஆயினும், எழுத்து அழிந்த இடத்தில் கிராணியின் மனம் சாட்சியாகாதே! ஒரு குற்றச்சாட்டு எத்தனை ஆண்டு உயிரோடிருக்கலாம் என்னும் கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை. வைத்தியர், வக்கீல் முதலியோரைப் பதிவேட்டிற் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் பெற்ற சபைகள் இக்கேள்விக்கு எவ்வாறு விடையிறுத்து வந்தன என்பதைச் சரித்திரத்திற் காண்போம்.

வழக்குக்குக் காலவரம்பு விதித்தல் புதிய யோசனையன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸ் நகரத்தார் பல உரிமை வழக்குகளுக்கு 5 ஆண்டு என எல்லை கட்டியிருந்தனர். ரோமச் சக்கரவர்த்தி இரண்டாம் தியோடோசியஸ் கி.பி. 424-இல் 30 ஆண்டு என விதித்தார். இங்கிலாந்தின் 1623-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் வழக்குகளுக்கு 6 ஆண்டு குறித்தது. ஆயின், அந்நாட்டில் ஒருவருக்கு எதிராக மட்டும் காலம் ஓடவேயில்லை. அவர்தாம் மன்னர்! குடியானவன் ஆறு ஆண்டு தூங்கினால் அவன் கடன் போயிற்று. மன்னர் நூறாண்டு தூங்கி எழுந்தாலும் அவருடைய உரிமை அப்படியே இருக்கும். நிலத்தைப் பொறுத்தமட்டில் இச்சலுகைக்கு 1769-இல்தான் 60 ஆண்டு வரம்பு வந்தது.

தொழிலாளர் முதல் துரைமார் வரை எல்லாரையும் கட்டிய இக்காலவரம்பு, தொழிற்சபைகளின் விசாரணையைக் கட்டாமற் போனது ஏன்? 1778-இல் நடந்த பிரவுன்சல் வழக்கு இதற்கு விடை தருகிறது. பிரவுன்சல் என்பவர் ஓர் அட்டர்னி. ஒரு கினி நாணயத்தைத் திருடியதற்காகக் கையிற் சூடு பெற்றுச் சிறையும் புகுந்தவர். அது நடந்து ஏறக்குறைய ஐந்தாண்டு கழிந்த பின்னர் அவர் பெயரை வக்கீல் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டுமென விண்ணப்பம் வந்தது. குற்றம் பழையது, தண்டனையும் அனுபவித்தாயிற்று, ஒரே குற்றத்துக்கு இரண்டாம் அடியா என்று அவர் தரப்பில் வாதித்தனர். பிரதம நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு அதை ஏற்கவில்லை. இது தண்டனையே அன்று. இவர் பதிவேட்டில் நீடிக்கத் தக்கவரா என்பது மட்டுமே கேள்வி என்று கூறிப் பெயரை நீக்கச் செய்தார்.

நேயர்களே, இந்த ஒரு வாதத்தின் நீளத்தைப் பாருங்கள்! தண்டனை அன்று என்றால் இருமுறை தண்டித்ததாகாது. தண்டனைக்குரிய காலவரம்பும் வேண்டாம். பொதுமக்களைக் காக்கும் காரியத்துக்குக் காலமென்ன, நேரமென்ன? பிற்காலத்துத் தொழிற்சபைகள் பலவும் நின்ற தளம் இதுவே. இதில் உண்மை உண்டு. ஆனால் சோற்றுக்கு வழியாகிய தொழிலைப் பறிகொடுத்தவன் வீட்டில் போய் இது தண்டனை அன்று என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் வைத்திய கவுன்சில் 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்தது. தொழிலில் இழிநடத்தை புரிந்தவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் அச்சட்டத்திலேயே இருந்தது. ஐந்தாண்டு விதி வந்ததோ 2004-இல். கடைசி நிகழ்ச்சி நடந்து 5 ஆண்டு கடந்துவிட்டால், பொதுநலனுக்கு அவசியமெனப் பதிவாளர் கருதினாலொழிய, முறையீடு மேலே செல்லலாகாது. ஐந்தென்னும் எண் நேர்த்தியானதுதான். ஆனால் காலங் கடந்து முறையிடுபவர் யார்? வெட்கத்தால் வாய் மூடியிருந்த பெண், தனக்கு நேர்ந்தது குற்றமென்றே அறியாத நோயாளி, வளர்ந்த பின் பேசத் துணிந்த குழந்தை. சபையின் விலாசம் அறிந்தவன் மறுநாளே எழுதிவிடுகிறான். அறியாதவனுக்குத்தான் ஆண்டுகள் கழிகின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் இதைச் சற்றுக் கூர்ந்து நோக்கியிருக்கிறது. அங்கு வைத்தியர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய, சபை அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு, அல்லது செயல் நடந்த நாளிலிருந்து 7 ஆண்டு. இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே எல்லை. பாதிக்கப்பட்டவர் சிறுவராயின், அவர் வயதுக்கு வரும்வரை ஏழாண்டுக் கணக்கு ஓடாது. மோசடியால் லைசென்ஸ் பெற்றவருக்கு வரம்பே இல்லை. இதில் முதற் கணக்குத்தான் என் மனத்தைக் கவர்ந்தது. ஏனெனில் அது முறையிடுவோனை விரட்டுவதன்று. முறையீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கும் சபையை விரட்டுவது. முறையிடுவோனுக்கு நீண்ட தவணையும், சபைக்குக் குறுகிய தவணையும் கொடுப்பதே நேர்மையென்பது என் எண்ணம்.

சபை உறங்கினால் என்னவாகும் என்பதற்கு அண்டையிலேயே உதாரணமுண்டு. சிங்கப்பூரில் ஒரு புற்றுநோய் நிபுணர்மீது 2010 டிசம்பரில் வைத்திய கவுன்சிலிடம் முறையீடு போயிற்று. விசாரணை நோட்டீஸ் அவர் கைக்கு வந்ததோ 2015-இல். சுமார் நாலரை ஆண்டு! வழக்கு உயர்நீதிமன்றத்தை அடைந்தபோது, 2017-இல், மூன்று நீதிபதிகள் அவர் குற்றத்துக்கு 16 மாதத் தொழில் தடை தகும் என்றனர். ஆனால் இத்தாமதம் அவரை நெடுங்காலம் தலைமேற் கத்தி தொங்க வைத்ததென்று கருதி, அதைப் பாதியாக்கி 8 மாதமே விதித்தனர்.

தீர்ப்பு நியாயமானதே, தாமதத்துக்கு யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த நாலரை ஆண்டும் முறையிட்ட குடும்பத்தாரும் காத்துத்தான் கிடந்தனர். வைத்தியருக்கு எட்டு மாதம் தள்ளுபடியாயிற்று. தாமதித்த கவுன்சில் இழந்தது ஒன்றுமில்லை; அவர்களுக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை.