சுரங்கத்துக் குருவியும் அத்தை வீட்டுக் குருவியும்

இந்த வாரம் வேற ஒரு தலைப்புதான் பேசறதா இருந்தேன். நடுவுல அத்தை போன் பண்ணாங்க. "ரெண்டும் போயிடுச்சுடா"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல பேச முடியல.

ரெண்டும்னா அவங்க வளர்த்த லவ் பேர்ட்ஸ். (நம்ம ஊர்ல அந்தப் பேர்ல விக்கிறது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவோட பட்ஜரிகர்ங்கற குட்டிக் கிளி. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவுல இருக்கற வேற பறவை.) கூண்டு, சமையலறையை ஒட்டின பால்கனியில. காலையில தோசைக்கு நான்ஸ்டிக் தவாவை அடுப்புல வச்சுட்டு, கொரியர் வாங்கக் கீழ போயிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. திரும்பி வந்தப்போ தவாவுல லேசான புகை. அடுப்பை அணைச்சுட்டு வேற வேலையைப் பார்த்தாங்க. அரை மணி நேரத்துல ரெண்டு குருவியும் கூண்டோட தரையில, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிச்சு அடங்கிடுச்சு. அத்தைக்கு ஒண்ணும் ஆகல. அதனால புகை மேல அவங்களுக்குச் சந்தேகமே வரல. வெயில்னு நினைச்சாங்க, தீனியில ஏதோ கலந்திருக்குன்னு நினைச்சாங்க.

ஆனா மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாத காத்துல குருவி செத்துப்போகும்ங்கறது நூறு வருஷத்துக்கு மேலயே தெரிஞ்ச விஷயம். அதை வச்சு ஒரு நாட்டுல சட்டமே போட்டிருக்காங்க.

1896ல, வேல்ஸ்ல டைலர்ஸ்டவுன்ங்கற இடத்துல ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடிச்சது. ஜான் ஸ்காட் ஹால்டேன்ங்கற உடலியல் அறிஞர் அங்க போய் உடல்களை ஆராய்ஞ்சார். பெரும்பாலானவங்க வெடியில சாகல. வெடிச்சதுக்கு அப்புறம் பரவின கார்பன் மோனாக்சைடுதான் கொன்னிருக்கு. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நமக்கு முன்னாடி மயங்கி விழற ஒரு சின்ன உயிரைக் கூட கொண்டு போங்கன்னு அவர் யோசனை சொன்னார். முதல்ல எலி, அப்புறம் கேனரிக் குருவி. 1911ல வந்த பிரிட்டிஷ் சுரங்கச் சட்டம் மீட்பு நிலையங்கள்ல குருவி வச்சிருக்கணும்னே சொல்லுச்சு. கருவிகள் வந்து குருவிகளுக்கு ஓய்வு கொடுக்க 1986 ஆயிடுச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச பொருள் ஒண்ணு இருக்கு. குருவியைக் காப்பாத்தறதுக்குன்னே செஞ்ச கூண்டு. மேல ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், அதுதான் கைப்பிடியும். குருவி மயங்கினதும் கதவை மூடிட்டு வால்வைத் திறந்தா போதும், பொழைச்சுக்கும். இருட்டுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கற தொழிலாளி, தன்னோட குருவிக்கும் ஒரு வழி பண்ணி வச்சிருக்கான்.

குருவி ஏன் முதல்ல விழுது? நம்ம நுரையீரல் பலூன் மாதிரி. காத்து வந்த வழியிலயே திரும்பிப் போகும். பறவைக்கு நுரையீரல் விரியாது. அதைச் சுத்தி இருக்கற காற்றுப்பைகள்தான் துருத்தி மாதிரி ஊதும். காத்து நுரையீரல் வழியா ஒரே திசையில ஓடும், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும். ரத்தத்துக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கற திரையும் நம்மளோடதை விட ரொம்ப மெல்லிசு. பறக்கறதுக்கு அவ்வளவு ஆக்சிஜன் வேணும். அதே வழியில விஷமும் வேகமா உள்ள போகும்.

இப்போ தவாவுக்கு வருவோம். 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவுல நியூஜெர்சி. டியூபான்ட் ஆய்வகத்துல ராய் பிளங்கெட்ங்கற 27 வயசு வேதியியலாளர், ஃபிரிட்ஜுக்கான குளிர்வாயு ஆராய்ச்சியில இருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தா வாயுவே வரல. ஆனா எடை குறையல. அறுத்துப் பார்த்தா உள்ள வழவழன்னு வெள்ளைப் பொடி. அதுதான் பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன், சுருக்கமா பி.டி.எஃப்.இ., கடைப் பேர் டெஃப்லான். எதுவும் ஒட்டாது, எதுவும் அரிக்காது. அதனால முதல்ல போன இடமே அணுகுண்டுத் திட்டம்தான். யுரேனியம் வாயுவோட அரிப்பைத் தாங்கற சீல்களுக்கு இதுதான் கிடைச்சது. சமையலறைக்குக் கொண்டு வந்தது பிரான்ஸ். மார்க் கிரெகோயர்ங்கற பொறியாளர் தூண்டில் சாமான்கள்ல இதைப் பூசிப் பார்த்துட்டு இருந்தார். இதை என் வாணலியில பூசேன்னு மனைவி கொலெட் சொன்னாங்க. 1956ல டெஃபால் கம்பெனி பிறந்தது.

அதாவது சட்டி கடைக்கு வந்தது ஐம்பதுகளோட நடுவுல. ஆனா 1951லயே 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை வந்தாச்சு. இந்தப் பொருளைச் சூடாக்கற இடத்துல வேலை செஞ்சவங்களுக்குச் சில மணி நேரம் கழிச்சு குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும். பாலிமர் புகைக் காய்ச்சல்னு அதுக்குப் பேர் வச்சாங்க.

அப்புறம் 1975, பிரிட்டன். 'வெட்டர்னரி ரெக்கார்ட்' இதழ்ல வந்த ஒரு குறிப்பு. ஒரு வீட்டுல பி.டி.எஃப்.இ. பூசின சட்டி தவறுதலா அதிகமா சூடாயிடுச்சு. முப்பது நிமிஷத்துக்குள்ள அஞ்சு காக்டீல் கிளிகள் செத்துப்போச்சு. அவங்களை வளர்த்தவருக்குக் காய்ச்சல். ஒரு நாள்ல தேறிட்டார். அத்தை சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். அதே அரை மணி நேரம்.

சட்டிதான்னு மட்டும் இல்ல. 2000ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில, குஞ்சுகளுக்குச் சூடு காட்டற பல்புகள்ல இந்தப் பூச்சு இருந்திருக்கு. 2,400 கோழிக்குஞ்சுல பாதிக்கு மேல மூணே நாள்ல போயிடுச்சு.

கணக்கு என்னன்னா, சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரைக்கும் பூச்சு தாங்கும். மாவு ஊத்திட்டா, அதுல இருக்கற தண்ணி சூட்டை வாங்கிக்கும். ஆனா மெல்லிசான அலுமினியத் தவாவை வெறுமனே பெரிய தீயில வச்சா, சில நிமிஷத்துல அந்த எல்லையைத் தாண்டிடும். பூச்சு சிதைஞ்சு ஃபுளூரின் கலந்த வாயுவும் ரொம்ப நுண்ணிய துகளும் கிளம்பும். குருவியோட நுரையீரல்ல ரத்தமும் நீரும் கட்டிடும். சுரங்கத்துக் குருவிக்கு ஆக்சிஜன் கொடுத்தா திரும்பி வந்துச்சு, ஏன்னா கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறதோட சரி, நல்ல காத்துல விலகிடும். இங்க நுரையீரலே வெந்துபோகுது. அத்தை வீட்டுல அந்தக் கைப்பிடிக் கூண்டே இருந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

அத்தை டப்பாவைத் தேடி எடுத்து போட்டோ அனுப்பினாங்க. "இதுல பி.எஃப்.ஓ.ஏ. இல்லன்னு போட்டிருக்கேடா?" பி.எஃப்.ஓ.ஏ.ங்கறது பூச்சு தயாரிக்கும்போது பயன்படுத்தின வேற ரசாயனம். நீரையும் மண்ணையும் கெடுத்ததால அதைக் கைவிட்டாங்க, நல்லதுதான். ஆனா தவா மேல இருக்கற வழவழப்பு அதே பி.டி.எஃப்.இ.தான். சூடானா அது செய்யறதுல எந்த மாத்தமும் இல்ல. டப்பாவுல பெரிசா எழுதியிருக்கறது உண்மை, ஆனா குருவிக்குச் சம்பந்தமே இல்லாத உண்மை. உள்ள இருந்த மடிச்ச தாள்ல, கண்ணுக்கே தெரியாத எழுத்துல, வெறும் பாத்திரத்தைச் சூடாக்காதீங்கன்னு ஒரு வரி இருந்துச்சு. குருவின்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்குக் கோபம் வந்தது அங்கதான்.

"அப்போ நான்தான் கொன்னேனா?"ன்னு கேட்டாங்க. இல்ல அத்தை, உங்ககிட்ட யாரும் சொல்லலன்னு சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், பரண்ல இருக்கற பாட்டியோட இரும்பு தோசைக்கல்லை இறக்க ஞாயித்துக்கிழமை வர முடியுமான்னு கேட்டாங்க. துரு பிடிச்சிருக்கும், எண்ணெய் தடவிப் பழக்கணும். போறேன்.