துறவியின் ஓடு

இங்கிலாந்து, ஹாலந்து, நார்வே முதலிய தேசங்களின் கரையோரங்களில், அலை வடிந்தபின் பாறைக் குழிகளில் தேங்கும் நீரிலே, நத்தை ஓடு ஒன்று தன் ஜாதிக்குரிய நிதானத்தை மறந்து விறுவிறுவென்று ஓடக் கண்டால், உள்ளே குடியிருப்பது நத்தையன்று, நண்டு என்று அறிந்துகொள்ளலாம். பிரெஞ்சுக்காரர் இதைத் துறவி பெர்னார் என்று அழைப்பர். 1758-இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய சாஸ்திரப் பெயரிலும் அந்தப் பெர்னார் இருக்கிறார். இன்றைய வழக்கில் இது பாகுரஸ் பெர்ன்ஹார்டஸ். ஓடு ஒன்று கையில் இருந்ததற்காகப் பத்திரகிரியாரையே சம்சாரி என்று பட்டினத்தார் சுட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஓட்டைக் கணமும் பிரியாத இந்த ஜீவனுக்குத் துறவிப் பட்டம் எப்படிப் பொருந்தும் என்று தோன்றுவது இயல்பே. ஐரோப்பியப் பண்டிதர்களை வாட்டிய கேள்வி வேறு: அந்த ஓடு யாருடையது?

கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இதற்குச் சரியான விடை சொல்லிவிட்டார். நண்டின் உடல் ஓட்டோடு ஒட்டியதன்று என்றும், வெற்று ஓட்டில் புகுந்து, உடல் பெருக்கப் பெருக்க வேறு பெரிய ஓட்டுக்குக் குடிபெயர்கிறது என்றும் அவர் எழுதினார். சேற்றிலிருந்து தானாகவே பிறக்கிறது என்று சேர்த்துச் சொன்னது மட்டுமே பிழை.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டில் மறுத்தவர் சாமானியர் அல்லர். பூச்சிகளின் குடலையும் நரம்பையும் அறுத்துக் காட்டுவதில் நிகரற்றவரான ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்வாமர்டாம். அவர் 1680-இல் காலமான பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துப் போயர்ஹாவே வெளியிட்ட அவருடைய பெருநூலில், ஓடு நண்டுக்கே உரியது, கூடு மாறுவதென்பது வெறும் கட்டுக்கதை என்று சாதித்திருக்கிறார். இதைப் படித்துச் சிரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. நண்டின் மெத்தென்ற வயிற்றுப்பகுதி ஓட்டின் புரிக்கு இசைய வலப்புறமாகச் சுருண்டிருக்கிறது. அதன் சிறு துடுப்புக் கால்கள் இடப்பக்கத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. வால் நுனியிலுள்ள கொக்கி போன்ற உறுப்பு ஓட்டின் நடுத்தண்டை இறுகப் பற்றுகிறது. பிடித்து இழுத்தால் உடல் அறுந்தாலும் அறுமேயன்றிப் பிடி தளராது. இத்தனை பொருத்தத்தையும் மேசைமீது கண்ட ஒருவர், இரவல் வீடு இவ்விதம் அமையுமா என்று ஐயுற்றதில் வியப்பென்ன? அறுவைக் கத்தி உடலின் அமைப்பைக் காட்டும். அது வீடு மாற்றும் வேளையைக் காட்டாது.

குட்டிப் பருவமும் இவ்வாறே வித்வான்களை ஏமாற்றியது. முட்டையினின்று வெளிப்பட்டு, நீரில் மிதந்து, நான்கு முறை உருமாறியபின், நேரான உடலோடு ஓடு தேடும் பருவம் ஒன்று உண்டு. துறவி நண்டினத்தின் அத்தகைய இளம்பருவத்தை 1830-இல் மில்ன் எட்வர்ட்ஸ் தனியொரு பிராணி வகையாகவே கருதி, 'கிளாக்கோதோ' என்று நாமகரணம் செய்துவிட்டார். 1875-இல் அலெக்ஸாண்டர் அகாசிஸ், சிறு பருவம் முதல் தாம் வளர்த்த அமெரிக்கக் கரைத் துறவி நண்டுகளின் முன் ஓடுகளை இட்டபோது, ஓட்டையே கண்டறியாத அக்குஞ்சுகள் பாய்ந்து சென்று, அவற்றைப் புரட்டி, வாயிலைக் கொடுக்கால் தடவிப் பார்த்தன. உயிருள்ள நத்தை இருந்த ஓடு கிடைத்தவை, அது மடியும்வரை காத்திருந்து, பிணத்தைத் தின்றுவிட்டு உள்ளே புகுந்தன. சன்னியாசத்தின் லட்சணம் இது!

பட்டினத்தார் பத்திரகிரியாரிடம் ஓட்டோடு நாயொன்றையும் குறை கண்டாரல்லவா? இந்தத் துறவிக்கும் ஒரு நாய் உண்டு. ஓட்டின் உட்புரியில் நீரிஸ் என்னும் புழுவொன்று வசித்து, நண்டு உண்ணும்போது தலையை நீட்டி அதன் வாயிலிருந்தே உணவைப் பறித்துக்கொள்கிறது.

சிறு வயதில் கரையோரச் சிறு நத்தைகளின் ஓடும், வளர்ந்தபின் ஆழத்தில் வாழும் பக்சினம் என்னும் பெருநத்தையின் ஓடும் இந்த நண்டுக்கு வீடாகின்றன. ஆனால் துறவி நண்டினத்தின் பூர்விக வீடு நத்தையோடுதானா? இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஸ்பீட்டன் என்னுமிடத்துக் களிமண்ணில், ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முந்திய துறவி நண்டொன்று, குடியிருந்த ஓட்டோடு கல்லாகிக் கிடைத்தது. 2003-இல் அது விவரித்து வெளியிடப்பட்டது. அந்த ஓடு நத்தையினுடையதன்று. கணவாயின் உறவான அம்மோனைட்டினுடையது. அம்மோனைட்டுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்தன. குடியிருந்தவர்கள் நத்தை வீடுகளில் இருக்கிறார்கள்.