நோவும் கத்தியும்: ஊவாவில் பிள்ளைப்பேறு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

பிள்ளை கிடைத்த வீட்டுக்குப் போனால் எங்கள் பெண்கள் முதலில் கேட்பது "ஆணா, பொண்ணா?" என்று. இரண்டாவது கேள்வி "நோமலா, சீசரா?" நோமல் என்று பதில் வந்தால் உடனே "அல்ஹம்துலில்லாஹ்". சீசர் என்று வந்தால் ஒரு சின்ன மௌனம், பிறகு "ஏன், என்ன நடந்த?" என்ற விசாரணை. பிள்ளை குறுக்கே கிடந்தது, பிரஷர் ஏறியது, கொடி சுற்றியது என்று ஏதாவது காரணம் சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும். "நானாகத்தான் கேட்டு நாள் குறித்தேன்" என்று சொல்லும் பெண்ணுக்கு மன்னிப்பில்லை.

என்னோடு படிப்பிக்கும் ஒரு தங்கச்சி அப்படித்தான் சொன்னார். முதல் பிள்ளைக்கு இரண்டு பகலும் ஓர் இரவும் நோவுபட்டு, கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்து, மூன்று மாதம் ஒழுங்காக உட்கார முடியாமல் கிடந்தவர் அவர். இரண்டாவது பிள்ளைக்கு வைத்திய நிபுணரிடம் பேசி, சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்துக்கொண்டார். ஆசிரியர் அறையில் இது தெரியவந்ததும் மூத்த டீச்சர் ஒருவர் சொன்னார்: "எங்கட உம்மாமார் பத்துப் பெத்தாங்க. ஒருத்தருக்கும் கத்தி வைக்கல்ல." தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினார். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அது எனக்குள் உறுத்தலாகவே கிடந்தது. பத்துப் பெற்ற உம்மாமாரின் கதையை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஏறக்குறைய ஐம்பது பேறுக்கு ஒரு தாய். பத்துத் தரம் பெற்ற பெண், ஐம்பதில் ஒன்று என்ற அந்த ஆபத்தைப் பத்துத் தரம் கடந்திருக்கிறாள். கூட்டிப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட வருகிறது. பத்துப் பெற்ற கதையைச் சொல்வதற்கு மிஞ்சியவர்கள் பிழைத்தவர்கள். மற்றவர்கள் மையவாடியில் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவதில்லை. என் உம்மும்மா பெற்றது ஒன்பது, வளர்ந்தது ஐந்து. அவருடைய ராத்தா குருத்தலாவையில் தலைப்பிள்ளையோடு மௌத்தானவர். "புள்ள வெளிய வரல்ல, அவ போயிட்டா" என்ற ஒரு வசனத்துக்குமேல் அந்த ராத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

கொழும்பில் 1879இலேயே டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். மலைநாட்டுப் பெண்ணுக்குப் பேறுகாலம் என்றால் வீடு, கிழவி மருத்துவிச்சி, வெந்நீர், சரக்கு மருந்து, நாற்பது நாள். அந்த மருத்துவிச்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. கைப்பழக்கத்தால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தால், இரத்தம் நிற்காவிட்டால், அவர்கள் கையில் மிஞ்சியது துஆ ஒன்றுதான்.

தோட்டங்களின் கதை இன்னும் கடினமானது. பெருந்தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று 1872இலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் கடதாசியில் இருந்தது. லயம் மலை உச்சியில் இருந்தது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் நோவு கண்ட பெண்ணைக் கம்பளியில் சுற்றிக் கொழுந்து லொறியில் ஏற்றி இறக்கிய கதையை என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாயிமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதி வழியில் பிறந்த பிள்ளைகள் உண்டு. பாதி வழியில் முடிந்துபோன தாய்மாரும் உண்டு. அவர்களில் எத்தனை பேரை உரிய நேரத்தில் ஒரு கத்தி காப்பாற்றியிருக்கும்? கத்தி வைக்காத காலம் என்று நாம் பெருமையாகச் சொல்வது, கத்தி கிடைக்காத காலத்தைத்தான்.

இனி, கத்தி என்பது நமது மரபுக்கே அந்நியமானது என்றொரு பேச்சு. இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃபிர்தௌசி 1010இல் எழுதி முடித்த ஷாநாமாவில் வீரன் ருஸ்தமின் பிறப்பு இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை பெரிதாகிவிட்டதால் தாய் ரூதாபா உயிருக்குத் தவிக்கிறாள். ஸீமுர்க் என்ற பறவையின் யோசனைப்படி அவளுக்கு மதுவால் மயக்கம் தந்து, விலாவைக் கீறிப் பிள்ளையை எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். தாயும் பிழைக்கிறாள். காவியக் கற்பனைதான். ஆனாலும் ரூதாபாவை நோவு தாங்காத பெண் என்று அந்தக் காவியம் ஏசவில்லை. அதே காலத்து அறிஞர் அல்-பீரூனியின் காலக்கணிப்பு நூலுக்கு 1307ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரு பிரதி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உரோமச் சக்கரவர்த்தி சீசர் வயிற்றைக் கீறி எடுக்கப்படும் காட்சி அதில் ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கிறது.

ஃபிக்ஹ் நூல்களிலும் இந்த விவாதம் உண்டு. கர்ப்பிணி இறந்துவிட்டாள், வயிற்றில் பிள்ளை உயிரோடு இருக்கிறது, வயிற்றைக் கீறலாமா? மையத்தின் கண்ணியம் பெரிதா, பிள்ளையின் உயிர் பெரிதா என்பதே கேள்வி. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா கீறக் கூடாது, மருத்துவிச்சிகளே கையால் எடுக்க முயல வேண்டும் என்ற பக்கம் நின்றார். இலங்கையில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபோ, பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் கீறி எடுக்க வேண்டும் என்றது. இமாம் நவவி அல்-மஜ்மூஃவில் இதை ஆராய்கிறார். உயிருள்ள தாய் தானாகக் கேட்டுக்கொள்வதைப் பற்றி அந்நூல்களில் பேச்சில்லை. அன்று அப்படியொரு சாத்தியமே இருக்கவில்லை. ஆனால் உயிரை முன்னால் வைத்துச் சிந்தித்த முறை அங்கே இருக்கிறது.

தமிழ் இலக்கியத்தில் நாள் குறித்துப் பெற்ற தாய் ஒருத்தி உண்டு. பெரியபுராணத்தில் வரும் கோச்செங்கட் சோழனின் தாய் கமலவதி. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகையும் ஆளும் என்று சோதிடர் சொன்னதால், தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொல்லிப் பிறப்பைப் பிந்த வைத்தாள். பிள்ளை கண் சிவந்து பிறந்தது; அவள் இறந்தாள். உயர்தர வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அவளைத் தியாகி என்பார்கள். பிள்ளைக்காக நேரத்தைத் தெரிவு செய்து செத்தவள் தியாகி. தன் உடம்புக்காக நேரத்தைத் தெரிவு செய்து பிழைத்தவள் சொகுசுக்காரி. இதில் நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

உண்மையில் இந்தச் சிகிச்சை தாய்க்குப் பாதுகாப்பானது அண்மைக் காலத்தில்தான். ஜேர்மனியில் மக்ஸ் சேங்கர் கர்ப்பப்பையைத் தைத்து மூடும் முறையை 1882இல் விளக்கி எழுதும்வரை, வயிற்றைக் கீறிய பெண்களில் பெரும்பாலோர் இரத்தப்போக்கிலும் கிருமித் தொற்றிலும் இறந்தார்கள். அதன் பிறகு கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை, இரத்த வங்கி, பெனிசிலின், முதுகில் போடும் விறைப்பு ஊசி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நம் மூத்தவர்கள் கத்திக்குப் பயந்தது மடமையால் அல்ல. அவர்கள் கேள்விப்பட்ட கத்தி அப்படிப்பட்டது.

இன்னொரு பயமும் இருக்கிறது; அதை மறைக்கக் கூடாது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப் பெண்களிடையே அந்தச் சிகிச்சை அதிகமாக இருந்தது. விளங்கிச் சம்மதித்தார்களா, சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தார்களா என்ற கேள்வி இன்றும் மலையகத்தில் கேட்கப்படுகிறது. பிறகு 2019 மே மாதம் வந்தது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த நாட்டில், குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாஃபி ஷிஹாப்தீன் சீசர் செய்யும்போது சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஜூலையில் பிணையில் வந்தார். ஆனால் அந்த மாதங்களில் சீசர் என்ற சொல்லிலேயே நஞ்சு ஏறிவிட்டது. சிங்களப் பெண் முஸ்லிம் டொக்டருக்குப் பயந்தாள். நம் வீட்டுக் கிழவிகள், "போனா என்னத்தக் கட்டிப்போடுவாங்களோ" என்று மறுபக்கத்தால் பயந்தார்கள். பெண்ணின் வயிறு இனக்கணக்குப் பார்க்கும் இடமாகிவிட்டது. "மூணு சீசருக்கு மேல பெற ஏலாது, பிறகு உம்மத்து எப்படிப் பெருகும்?" என்று நம்மவர்கள் கேட்பதும் அதே கணக்கின் நம் பக்கம்தான்.

சீசர்தான் சிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. பத்து முதல் பதினைந்து வீதத்துக்குமேல் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் சொன்னது. பத்து வீதத்தைத் தாண்டினால் ஒரு நாட்டின் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015இல் மறுபடி சொன்னது. இலங்கையில் இன்று மூன்றில் ஒரு பிறப்புக்குக் குறையாமல் இப்படி நடக்கிறது. அடுத்தடுத்த சீசர்களில் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு பேராபத்தாகலாம். நிறையப் பிள்ளைகள் வேண்டும் என்று நினைப்பவர் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்துப் பிள்ளையை எடுப்பதும், டொக்டரின் வசதிக்கு நாள் வைப்பதும் வேறு கதைகள். அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் 2015இல் அதே நிறுவனம், வீதத்தைத் துரத்தாமல் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள் என்றும் சொன்னது. அதே ஆண்டு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் நாடின் மொன்ட்கொமரி வழக்கில் தீர்ப்பளித்தது. நீரிழிவும் சிறிய உடம்பும் கொண்ட அந்தத் தாயிடம், பிள்ளையின் தோள் சிக்கும் ஆபத்து பத்தில் ஒன்றளவு இருந்தும் வைத்தியர் சொல்லவில்லை. சொன்னால் சீசர் கேட்பார் என்பதே காரணம். பிள்ளை ஊனமுற்றுப் பிறந்தது. ஆபத்தை அறிந்து தானே முடிவெடுப்பது தாயின் உரிமை என்று நீதிமன்றம் சொல்லிற்று. நம் கிளினிக்குகளில் எத்தனை பெண்களிடம் இரண்டு வழிகளையும் உட்கார்த்தி வைத்து விளக்குகிறார்கள்? நோவு குறைக்கும் முதுகு ஊசி எல்லா அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிறதா? முதல் பிரசவத்தின் பயம் தீரப் பேசுவதற்கு யாராவது இருக்கிறார்களா? இவை இல்லாத இடத்தில் ஒரு பெண் சீசர் கேட்டால், அதைச் சொகுசு என்பது அநியாயம்.

ஸூரத்து மர்யமில் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பிரசவ நோவு சொல்லப்படுகிறது. பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று தவிக்கிறார்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரும், உண்ணக் கனியும் கொடுக்கப்பட்டன. பிள்ளைப்பேற்றில் இறக்கும் பெண் ஷஹீத் என்று ஹதீஸில் வருவது மரணத்துக்குக் கிடைக்கும் கூலி. அது மரணத்தைத் தேடிப் போகச் சொல்லும் கட்டளையல்ல.

தங்கச்சிக்குப் பெண் பிள்ளை கிடைத்தது. பார்க்கப் போனபோது கூடவே வந்த மூத்த டீச்சர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எப்படியோ சுகமாப் பெத்திட்டீங்க" என்றார். அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவரிடம் என் உம்மும்மாவின் ராத்தாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கட வீட்டிலயும் ஒருத்தர் இருக்கா டீச்சர்" என்றார்.