தெய்வ உருவமும் அணாவும்: 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' வில்லைகளின் காலக்கணிப்பு

முன்னுரை

பழங்காசு சேகரிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் பொருள்களுள் ஒன்று, பித்தளையிலோ செம்பிலோ அமைந்த வட்ட வில்லை. அதன் ஒருபுறம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', 'யு.கே.எல்.', 'ஒன் அணா' என்னும் ஆங்கிலப் பொறிப்புகளும் 1818 என்னும் ஆண்டும் காணப்படும். மறுபுறம் அனுமனோ, சீதை, இலக்குவன் ஆகியோருடன் கூடிய இராமனோ இடம்பெறுவர். 1616, 1717 ஆகிய ஆண்டுகளைத் தாங்கியவையும் உண்டு.

செராமிக் நகரமாக அறியப்படும் விருத்தாசலத்தை உள்ளடக்கிய கடலூர் மாவட்டத்தில் இத்தகைய வில்லை உண்மைக் காசாகத் தோன்றுவது எளிது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது. கம்பெனியின் காசுகள் இப்பகுதியில் உண்மையிலேயே புழங்கின. எனவே, மெய்க்காசையும் புனைவு வில்லையையும் பிரித்தறிவதற்குரிய சான்று எது என்னும் வினா இங்கு முக்கியத்துவம் பெறுகிறது. அச்சான்று தெய்வ உருவம் அன்று, அலகின் பெயரே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தெய்வ உருவம் சான்றாகுமா?

ஆங்கிலேய வணிகர்கள் இந்துத் தெய்வங்களைக் காசில் பொறித்திருக்க மாட்டார்கள் என்பது இவ்வில்லைகளை மறுப்போர் கூறும் வழக்கமான காரணம். சென்னை மாகாணக் காசுகள் இதனைப் பொய்ப்பிக்கின்றன. கம்பெனியின் 'மூன்று சுவாமி வராகன்' தேவியர் இருவருடன் நிற்கும் திருமாலைக் காட்டுகிறது. 'நட்சத்திர வராகன்' ஒருபுறம் விண்மீனையும் மறுபுறம் திருமாலையும் கொண்டது. 1807–08 காலத்து வெள்ளி அரை வராகன், கால் வராகன் ஆகியவற்றில் கோயில் கோபுரமும் திருமால் உருவமும் உள்ளன. மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. விசயநகர மரபு வராகன்களுக்குப் பழகிய மக்களிடம் தன் காசு செல்லுபடியாவதற்குக் கம்பெனி பழைய வடிவத்தைத் தொடர்ந்தது.

இதற்கு இணையாக, வழிபாட்டுக்கென உருவாக்கப்பட்ட இராமடங்கா என்னும் கோயில் வில்லைகளும் வழங்கின. இராமர் பட்டாபிடேகக் காட்சியைத் தாங்கிய இவற்றில் வரலாற்றோடு பொருந்தாத ஆண்டெண்களைப் பொறிக்கும் மரபு இருந்தது. ஆகவே, தெய்வ உருவம் ஒரு வில்லையை மெய்யென்றோ போலியென்றோ தீர்மானிக்காது.

அலகும் ஆண்டும்

சென்னை மாகாணத்தில் 1818க்கு முன்னர் வழங்கிய முறை வராகன், பணம், காசு என்பதாகும். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1803, 1808 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய செப்புக் காசுகள் பர்மிங்காமின் சோகோ அச்சகத்தில் நீராவி எந்திரத்தால் அடிக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு 'காசு' என்னும் அலகிலேயே உள்ளது. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. அதிலிருந்து மீட்கப்பட்டவை ஒப்பீட்டுக்கு ஐயமற்ற சான்றுகளாக உள்ளன.

1818 சனவரி 7ஆம் நாள் அறிவிப்பின்படி வெள்ளி ரூபாய் சென்னையின் நிலையான நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என மதிப்பு வகுக்கப்பட்டது. அணா இதன்வழிக் கணக்கேடுகளில் இடம்பெற்றது. எனினும் ஓரணா என்னும் தனிக் காசு வெளியிடப்படவில்லை. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த செப்புக் காசுகள் அரையணா, காலணா, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகியவையே. அரையணா 200 கிரெயின், காலணா 100 கிரெயின் என எடையும் வரையறுக்கப்பட்டது. புனைவு வில்லைகளுக்கு இத்தகைய நிலையான எடை இல்லை. ஓரணா பொதுப் புழக்கத்திற்கு வந்தது ஏழாம் எட்வர்டு காலத்தில், 1907இல்; அது வளைவு விளிம்புடைய செம்பு–நிக்கல் காசு.

பிற ஆண்டுகள் இன்னும் தெளிவாகப் பொய்க்கின்றன. சென்னையில் கோட்டை கட்டுவதற்கான இடம் கம்பெனிக்கு 1639இல்தான் கிடைத்தது; 1616இல் அதற்குத் தமிழகத்தில் நிலமே இல்லை. 1717இல் சென்னைக் காசு அணாவில் மதிப்பிடப்படவில்லை. 'யு.கே.எல்.' என்னும் எழுத்துத் தொகுதி கம்பெனியின் காசு எதிலும் இல்லை. 16-16, 17-17, 18-18 என இரட்டிக்கும் எண்ணமைப்பு, ஆண்டைக் குறிப்பதைவிடக் கண்ணைக் கவர்வதற்கே தேர்ந்தெடுக்கப்பட்டது எனலாம்.

ஓரணா கைக்காசாகப் பழகியது 1907க்குப் பின்னர். 1957 ஏப்ரல் 1இல் பதின்ம நாணய முறை வந்ததும் அணா பழமையின் அடையாளமாக மாறத் தொடங்கியது. ஆதலின் 'ஒன் அணா' வில்லைகளை 20ஆம் நூற்றாண்டுக்கு உரியனவாகக் கொள்வதே பொருந்தும்.

வார்ப்பும் அடிப்பும்

செய்முறைச் சான்றை விளங்கிக்கொள்ள விருத்தாசலத்தின் பொம்மைத் தொழில் உதவும். இங்குக் களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிப் பொம்மை செய்கின்றனர். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். படியெடுக்கும்தோறும் நுண்கூறுகள் மழுங்கும். உலோக வார்ப்பிலும் விளிம்புக்கோடு, காற்றுக்குமிழ்க் குழிகள், மழுங்கிய எழுத்துகள் ஆகியன தோன்றும். எந்திரத்தால் அடிக்கப்பட்ட 1808ஆம் ஆண்டுக் காசில் இவை இரா. ஆயினும் புனைவு வில்லைகளுள் அடிக்கப்பட்டவையும் உள்ளமையால், இதனைத் துணைச் சான்றாகவே கொள்ளல் வேண்டும்.

'இரிடியம்' என்னும் ஏமாற்று

இவ்வில்லைகள் அரிசியை ஈர்க்கும் 'ரைஸ் புல்லர்' என்றும், இரிடியம் கலந்தவை என்றும் கூறிப் பெருந்தொகை பறிக்கும் மோசடிகள் தமிழகத்தில் தொடர்கின்றன. இரிடியம் 1803இல்தான் ஸ்மித்சன் டெனன்ட்டால் கண்டறியப்பட்டது. 1616, 1717 ஆகிய ஆண்டுகளில் அதனை அறிந்தோர் எவருமில்லை. அதன் உருகுநிலை ஏறத்தாழ 2,446° செல்சியசு. பீங்கான் சூளைகளின் வெப்பமோ பொதுவாக 1,400° செல்சியசைத் தாண்டுவதில்லை. செம்பும் இரிடியமும் அரிசியை ஈர்ப்பதில்லை. இரும்புத்தூள் தடவிய அரிசியும் மறைத்து வைத்த காந்தமுமே அவ்விந்தையை நிகழ்த்துகின்றன.

முடிவுரை

அலகின் பெயர், ஆண்டு, எடை, செய்முறை என்னும் வரிசையில் ஆராய்ந்தால் இவ்வில்லைகளின் காலம் தெளிவாகும். தெய்வ உருவத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது இருவகைத் தீங்கு விளைவிக்கும். அதனை மெய்க்காசுக்குச் சான்றாக நம்புவோர் மோசடியில் பொருள் இழப்பர். போலிக்குச் சான்றாகக் கொள்வோர் உண்மையான கால் வராகனையும் உருக்குவதற்குக் கொடுத்துவிடுவர். புனைவு வில்லைகளையும் அவற்றின் உண்மைக் காலத்தைக் குறித்துப் பாதுகாப்பது தகும். கம்பெனியைப் பற்றி 20ஆம் நூற்றாண்டு மக்களிடம் நிலவிய நினைவுக்கு அவையும் சான்றுகளே.