உயிரினங்களின் பாதுகாப்பு நிலை வகைப்பாடு

ஓர் உயிரினம் அற்றுப்போகும் ஆபத்து எவ்வளவு என்பதை அளந்து தரப்படுத்துவதே பாதுகாப்பு நிலை வகைப்பாடு. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும் சிவப்புப் பட்டியல் இதற்கு உலகப் பொது அடிப்படை. அற்றுவிட்டவை, இயலிடத்தில் அற்றுவிட்டவை, மிக அருகியவை, அருகியவை, அழிவாய்ப்புள்ளவை, அச்சுறுநிலையை அண்மித்தவை, தீவாய்ப்புக் குறைந்தவை, தரவுகள் போதாதவை, மதிப்பிடப்படாதவை என அதில் ஒன்பது பிரிவுகள் உண்டு.

தலை எண்ணிக்கை மட்டும் ஓர் இனத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் பதிவாகின. ஆனாலும் ஆசிய யானை அருகிய இனமே. மூன்று தலைமுறைக்குள் அதன் தொகை பாதியாவது குறைந்திருக்கும் என்ற மதிப்பீடே காரணம். பரப்பெல்லை சுருங்குவதும், இனப்பெருக்க வயதினர் 250க்கும் கீழே போவதும் ஓர் இனத்தை இதே பிரிவில் சேர்க்கும். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் மடிந்த செய்தி 2022இல் உலக ஊடகங்களில் வந்தது. உள்ளூர்க் குப்பையைக் கையாளும் விதமும் இவ்வினத்தின் எதிர்காலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோரக் கடலில் வலைகளில் ஆமை சிக்குவதுண்டு. மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஒரே சோடிச் செதில் இருந்தால் அது பேராமை. இரண்டு சோடிச் செதிலும், கிளி அலகு போன்ற வாயும், ஒன்றன்மேலொன்று படிந்த ஓட்டுத் தகடுகளும் இருந்தால் அழுங்காமை. ஒரே வலையில் அகப்படக்கூடிய இவ்விரண்டும் பட்டியலில் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. அழுங்காமை மிக அருகிய இனம். பேராமையோ 1982 முதல் அருகிய இனமாக இருந்து, 2025 அக்டோபரில் தீவாய்ப்புக் குறைந்த இனமானது. 1970களிலிருந்து உலகளவில் அதன் தொகை ஏறத்தாழ 28 சதவீதம் கூடியுள்ளது. முட்டையிடும் கரைகளைக் காத்ததும், வலைகளில் தப்பும் வழி வைத்ததும், முட்டை திருட்டைத் தடுத்ததும் தந்த பலன் இது.

உலக நிலையும் நாட்டு நிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இலங்கைச் சுற்றாடல் அமைச்சு 2012இல் தேசிய சிவப்புப் பட்டியலை வெளியிட்டது. உலகளவில் அழிவாய்ப்புள்ளதான மீன்பிடிப் பூனை அதில் அருகிய இனம். தாவரங்களில் இடைவெளி இன்னும் பெரிது: லும்னிட்செரா லிட்டோரியா என்ற கண்டல் மரம் உலகளவில் தீவாய்ப்புக் குறைந்தது, தென்மேற்கிலுள்ள மாது கங்கைப் பகுதியில் ஒருசில மரங்களாகவே எஞ்சியதால் இலங்கையில் மிக அருகியது.

பட்டியல் சட்டமன்று. தரம் மாறினாலும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இலங்கைக் கரைக்கு வரும் ஐந்து வகைக் கடலாமைகளுக்கும் அளிக்கும் காவல் தளர்வதில்லை. முட்டை எடுப்பதும் குற்றமே. ஆழ்கடல் செல்லும் பலநாட் கலன்களுக்கும் தனி விதிகள் உண்டு. அருகிய இனமான திமிங்கிலச் சுறாவையும், மிக அருகிய பெருங்கடல் வெண்நுனிச் சுறாவையும் பிடிக்க 2015இல் தடை வந்தது.