பெயர் அழிக்கப்பட்ட உழவர்

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுபவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். நீளமான காகித நாடா ஒன்றின் இரு முனைகளையும் நேராக ஒட்டினால் வளையல் போன்ற ஒரு வளையம் கிடைக்கும். ஒட்டுவதற்கு முன் ஒரு முனையை அரைச் சுற்று திருப்பிவிட்டால் கிடைப்பது மோபியஸ் நாடா. இரண்டின் நடுவிலும் ஓடுவது ஒரே வட்டம்தான். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்கே நிற்பதும் ஒரே அளவுள்ள சிறு கோடுதான். ஆனாலும் வளையத்துக்கு இரண்டு விளிம்புகள், மோபியஸ் நாடாவுக்கோ ஒன்றே ஒன்று!

இப்படி ஓர் அடித்தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வகையான 'இழை' நிற்கும் உருவங்களை இழைவெளிகள் என்று சொல்லலாம். அடித்தளமும் தெரியும், இழையும் தெரியும் என்றால் முழு உருவத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? இதுதான் கேள்வி. பதில் தேட இடத்தியலில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ஹோமாலஜி: உருவத்தில் எத்தனை வகை ஓட்டைகள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது. மற்றது ஹோமோடோபி: உருவத்துக்குள் போட்ட ரப்பர் வளையத்தை அறுக்காமல் ஒரு புள்ளியாகச் சுருக்க முடியுமா என்று பார்ப்பது. வளையத்துக்குப் பதிலாகக் கோளங்களையும் போட்டுப் பார்க்கலாம்.

1931ல் ஹைன்ஸ் ஹோப்ஃப் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் எல்லோரையும் வியக்க வைத்தார். நான்கு பரிமாண வெளியில் இருக்கும் கோளத்தின் மேற்பரப்பு முழுவதையும் அவர் வட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் சாதாரணப் பந்தின் மேற்பரப்பில் ஒரு புள்ளியைக் கொடுத்தார். இந்தப் பொருத்தத்தை எப்படி இழுத்து நெளித்தாலும் ஒரே புள்ளியாகச் சுருக்க முடியாது என்றும் நிரூபித்தார். ஓட்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஹோப்ஃப் காட்டியது ஓர் உதாரணம். அதைப் பொதுவான கொள்கையாக வளர்த்தவர்களில் ஒருவர் ஜாக் ஃபெல்ட்பாவ். 1914ல் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பிறந்த யூதர். அங்கே சார்ல் எரெஸ்மானின் மாணவர். 1939ல் அவர் நிரூபித்த ஒரு தேற்றம் கேட்க எளிமையானது: அடித்தளம் ஓட்டையில்லாத ஒரு வட்டத் தட்டாகவோ, கெட்டிப் பந்தாகவோ இருந்தால் அதன் மேல் நிற்கும் இழைவெளியில் முறுக்கே இருக்காது.

இதில் என்ன பெரிய விஷயம்? ஒரு கோளத்தின் மேற்பரப்பை இரண்டு கிண்ணங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் முறுக்கு இல்லை. ஆகவே முறுக்கு வரக்கூடிய இடம் ஒன்றுதான்: இரண்டையும் ஒட்டும் நடுக்கோடு. அங்கே இழைகளை எந்தெந்த விதமாகத் திருப்பி ஒட்டலாம் என்பது ஹோமோடோபிக் கேள்வி. கோளத்தின் மேல் எத்தனை வகை இழைவெளிகள் இருக்க முடியும் என்று எண்ணுவதற்கு வழி பிறந்துவிட்டது!

அதற்குள் போர் வந்தது. ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகம் கிளெர்மான்-ஃபெரான் நகருக்கு இடம் பெயர்ந்தது. 1940 அக்டோபரில் விஷி அரசு யூதர்களை ஆசிரியர் பணியிலிருந்து விலக்கும் சட்டம் போட்டது. 1941ல் இழைவெளிகள் பற்றி ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் இதழில் வந்தபோது, அதில் எரெஸ்மானின் பெயர் மட்டுமே இருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஹுரெவிச்சும் ஸ்டீன்ராடும், சுவிட்சர்லாந்தில் எக்மானும் தனித்தனியே இதே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பெயர்கள் அவரவர் கட்டுரைகளில் அச்சாகின.

ஃபெல்ட்பாவ் எழுதுவதை நிறுத்தவில்லை. அடுத்த கட்டுரைகளை 'ஜாக் லபுரர்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஃபெல்ட்பாவ் என்றால் ஜெர்மன் மொழியில் வயலில் பயிர் செய்தல். லபுரர் என்றால் பிரெஞ்சில் உழவர். பெயரை மறைத்தபோதும் அதன் பொருளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1943 ஜூன் 25 அன்று கிளெர்மான்-ஃபெரானில் மாணவர் விடுதியில் கெஸ்டபோ நடத்திய சோதனையில் அவர் பிடிபட்டார். அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஏப்ரல் 22 அன்று, ஜெர்மனியின் சரணடைவுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, கானாக்கர் என்ற முகாமில் இறந்தார். வயது 30. முனைவர் பட்ட ஆய்வேடு முடியவே இல்லை.

அதே ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் எடெல்பாக் முகாமில் இன்னொரு பிரெஞ்சுக் கணிதவியலாளர் போர்க்கைதியாக இருந்தார். பெயர் ஜான் லெரே. திரவங்களின் ஓட்டம் பற்றிய ஆய்வில் பெரிய ஆள். அது தெரிந்தால் எதிரியின் போருக்கு உழைக்க வைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, தன்னை இடத்தியல்காரராகக் காட்டிக்கொண்டார். கைதிகள் நடத்திய பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகி, அங்கே இடத்தியல் பாடமும் எடுத்தார். அந்தச் சிந்தனை வளர்ந்து, 1946ல் 'ஸ்பெக்ட்ரல் சீக்வென்ஸ்' என்ற கணக்கு முறையாக வெளிவந்தது. அடித்தளத்தின் ஹோமாலஜியையும் இழையின் ஹோமாலஜியையும் வைத்துக்கொண்டு, படிப்படியாகத் திருத்தி முழு உருவத்தின் ஹோமாலஜியை நெருங்கும் முறை அது.

ஹோமோடோபியும் ஹோமாலஜியும் 1951ல் ஒரே இடத்தில் சந்தித்தன. ஜான்-பியர் சேர் என்ற இளைஞர் தன் ஆய்வேட்டில் 'இழைவெளி' என்பதன் பொருளைத் தளர்த்தினார். ஹோமோடோபியைக் கீழிருந்து மேலே தூக்க முடிந்தால் போதும் என்றார். அதன்மேல் லெரேயின் முறையை ஓட்டினார். கோளங்களுக்கு இடையிலான ஹோமோடோபி வகைகள், குறிப்பிட்ட சில பரிமாணங்களைத் தவிர, எப்போதும் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று தெரிந்தது. அந்த விதிவிலக்குகளில் ஒன்றுதான் ஹோப்ஃப் கண்டது. சேருக்கு 1954ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. வயது 27.

லெரே உயிரோடு திரும்பினார், புகழும் பெற்றார். ஃபெல்ட்பாவ் திரும்பவில்லை. 2010ல் கணிதவியலாளர் மிஷேல் ஓதான் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். இழைவெளிகளைப் படிக்க வருகிறவர்கள் இன்றும் தொடக்கத்திலேயே அந்தத் தேற்றத்தைக் கற்கிறார்கள்: தட்டின் மேல் முறுக்கு இல்லை. தேற்றத்துக்கு அதைக் கண்டவரின் பெயர் தேவையில்லைதான். ஆனால் ஒரு பெயரைத் திட்டமிட்டு அழித்தவர்கள் இருந்தார்கள் என்பதால், அந்த வரியைப் படிக்கும்போது ஃபெல்ட்பாவ் என்று ஒருமுறை சொல்லிக்கொள்வது நியாயம்.