வண்டி ஒலியும் சட்ட வேலியும்

மனிதன் சக்கரம் கண்ட நாளிலிருந்தே சாலையில் ஒலி பிறந்துவிட்டது. ஆயினும் மாட்டின் கழுத்து மணியோசை நம் முன்னோர் எவர்க்கும் துன்பம் தந்ததாகத் தெரியவில்லை. வண்டி வருகிறது, விலகி நில்லுங்கள் என்று பாதசாரிக்கு அறிவிப்பதே அம்மணியின் பணி. பிறர் நலம் கருதி எழுந்த ஒலி அது. இன்று நம் தெருக்களில் சைலன்சரைக் கழற்றிவிட்டு இடிபோல் முழங்கிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் ஒலியோ, ஓட்டுபவரின் பெருமை ஒன்றையே பறை சாற்றுவது. முன்னது அறிவிப்பு, பின்னது ஆரவாரம். இவ்விரண்டையும் வேறு பிரித்து, முன்னதைப் போற்றிப் பின்னதை ஒடுக்குவதே ஒலி பற்றிய சட்டங்கள் அனைத்தின் உள்ளீடாகும். அச்சட்டங்கள் வளர்ந்த வரலாற்றை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதி ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

பிறநாட்டு வரலாறு

சாலை ஒலியால் துன்புற்ற முதல் நகரங்களுள் ஒன்று பண்டைய உரோமாபுரி. கி.மு. முதல் நூற்றாண்டில், ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று, பகற்பொழுதின் பெரும்பகுதியில் பார வண்டிகள் நகருக்குள் ஓடலாகாது எனத் தடுத்தது. நெரிசலைக் குறைக்க எழுந்த அச்சட்டத்தால் விளைந்தது யாது? வண்டிகள் எல்லாம் இரவில் ஓடத் தலைப்பட்டன. உறக்கம் இழந்த நகரத்தாரின் முறையீடு, பிற்காலத்துப் புலவர் ஜுவனலின் அங்கதப் பாட்டிலும் ஏறிவிட்டது. பகலின் தொல்லையை இரவுக்கு மாற்றுவது தீர்வு ஆகாது என்னும் பாடத்தை உலகம் அன்றே கற்றிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், நீராவியால் சாலையில் ஓடும் வண்டிக்கு முன்னே 60 கெஜ தூரத்தில் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்று விதித்தது. 1896-இல் அக்கட்டுப்பாடு தளர்ந்து, மோட்டார் வண்டிகள் விரைந்து ஓட வழி பிறந்தபோது, ஒவ்வொரு வண்டியிலும் மணியோ வேறு ஒலிக்கருவியோ இருத்தல் வேண்டும் என்று ஆயிற்று. கொடி பிடித்த மனிதன் செய்த வேலையை ஒலி ஏற்றுக்கொண்டது. ஹார்ன் உரிமையாகப் பிறக்கவில்லை, கடமையாகவே பிறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கடமை வெகுவிரைவில் தொல்லையாக மாறிற்று. 1906-இல் நியூயார்க் நகரில் ஜூலியா பார்னெட் ரைஸ் என்னும் அம்மையார் வீண் ஒலியை ஒடுக்குவதற்கெனவே ஒரு சங்கம் கண்டார். ஆற்றில் ஓடிய இழுவைக் கப்பல்களின் ஓயாத ஊதலை எதிர்த்துத் தொடங்கிய அவ்வம்மையாரின் முயற்சி, மருத்துவமனைகளின் அருகே அமைதி காக்கும் வழக்கத்தைப் பரப்பிற்று. 1934-இல் இங்கிலாந்தின் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா, குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 மணி முதல் காலை 7 மணி வரை ஹார்ன் அடிக்கத் தடை விதித்தார்.

இந்தியச் சட்டங்கள்

நம் நாட்டில் வீண் ஒலியைத் தடுக்கும் சட்ட வித்து, 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொதுத்தொல்லை என்னும் பிரிவிலேயே இருந்தது. 1914-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் வண்டிப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் நாடெங்கும் ஒழுங்கு செய்தது. அதன்பின் வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம், வண்டிகள் எழுப்பும் ஒலியைக் குறைக்கவும், குறித்த இடங்களிலும் நேரங்களிலும் ஹார்ன் அடிப்பதைத் தடுக்கவும் விதிகள் செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகட்கு வழங்கியது.

அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் அடங்கியிருந்தது. ஆதலின் 1940-ஆம் ஆண்டுச் சென்னை மோட்டார் வண்டி விதிகளே இங்கு நடந்தன. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் உருவான பின்னரே இரு பகுதிகளும் ஒரே மாநிலத்தின் கீழ் வந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரியில்.

இன்று நடப்பிலிருப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளுள் 119-ஆவது விதி, பல சுருதிகளில் மாறி மாறி ஒலிப்பதும், செவியைத் துளைப்பதும், அச்சுறுத்துவதுமான ஹார்ன்களை விலக்குகிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி முதலியவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. 120-ஆவது விதி ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்கிறது. எஞ்சினிலிருந்து பேரழுத்தத்துடன் வெடித்து வெளிவரும் புகை, அகன்ற அறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் புகுந்து விரிந்து, அழுத்தம் தணிந்து வெளியேறுகிறது. ஒலியும் உடன் தணிகிறது. இத்துணை நுட்பமாக அமைத்த கருவியின் உள்ளீட்டைப் பிடுங்கி எறிவதைத்தான் சிலர் அலங்காரம் என்கின்றனர்!

1987-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ஒலியும் ஒரு மாசு என ஏற்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்குப் பகலில் 50, இரவில் 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. புதிதாகச் செய்யப்படும் மோட்டார் சைக்கிளுக்கு, 175 சி.சி.க்கு மேற்பட்டதாயினும், 80 டெசிபெல்லே உச்ச வரம்பு என 2005 முதல் விதியுள்ளது. பத்து டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பது கணக்கு. ஆதலின் சைலன்சரைச் சிதைத்து 90 ஆக்கிய வண்டி ஒன்று, ஒழுங்கான வண்டிகள் பத்து சேர்ந்து எழுப்பும் ஒலிக்கு நிகராகும்.

நீதிமன்றங்களும் வாளாவிருக்கவில்லை. 1985-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் காற்றழுத்த ஹார்ன்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18-ஆம் நாள் தலைமை நீதிபதி லகோட்டியும் நீதிபதி அசோக் பானும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அமைதியாக வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழ் உரிமையின் பகுதியே எனக் கூறி, இரவில் குடியிருப்புப் பகுதியில் ஹார்ன் அடித்தல் கூடாது என ஆணையிட்டது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், வண்டி செய்தவர் வகுத்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றலாகாது என அதே நீதிமன்றம் தீர்த்துரைத்தது.

தண்டமும் கடுமையாயிற்று. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டுபவர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமமும் மூன்று மாதம் தகுதியிழக்கும். தேவையின்றி ஹார்ன் அடிப்பவர்க்கு முதன்முறை 1,000, மறுமுறை 2,000 ரூபாய். கேரள மோட்டார் வாகனத் துறை 2022 பிப்ரவரியில் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்னும் பெயரில் மாற்றிய சைலன்சர்களைத் தேடிப் பிடித்தது. 2025 அக்டோபரில் பறிமுதல் செய்த காற்றழுத்த ஹார்ன்களைச் சாலை உருளையின் கீழிட்டு நசுக்கியதையும் நாடு கண்டது.

நம் மலைப்புறம்

இச்சட்டங்களின் தேவையை நம் எல்லைப்புறம்போல் உணர்த்தும் இடம் அரிது. போடிமெட்டிலும் குமுளியிலும் ஏறி மூணாறு நோக்கி விடுமுறை நாட்களில் அணி அணியாக மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன. சாலையோரத் தேயிலைத் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் நம் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் உள்ளன. விடியற்காலை எழுந்து கொழுந்து கிள்ளச் செல்லும் தாய்மாரின் இரவு உறக்கத்தை, இன்பச் செலவு வந்தோர் ஒரு நொடியில் கலைத்துச் செல்கின்றனர். மலை முழைஞ்சுகள் அவ்வொலியை வாங்கி எதிரொலிக்கின்றன. இரவிகுளத்து வரையாடும் சின்னாற்றுக் காட்டு விலங்கும் வாய் திறந்து முறையிட வல்லன அல்ல.

அதே மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் அளவாக ஒருமுறை ஹார்ன் அடிப்பது உயிர் காக்கும் செயல். அதனைச் சட்டம் தடுக்கவில்லை. உரத்த சைலன்சரும் அவ்வாறே காக்கும் என்று வாதிடும் இளைஞர் உளர். சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. எதிரே வருபவரைவிடப் பின்னே நிற்பவர் செவியைத்தான் அது முதலில் தாக்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

ஒலிக்கு ஒழுங்கு உண்டு என்பதை நம் ரயில்வே உலகம் என்றோ ஏற்றுக்கொண்டது. எஞ்சின் ஊதும் ஒவ்வொரு ஊதலுக்கும் பொருள் உண்டு. நெடிய ஊதல் ஒன்று, குறுகிய ஊதல் இன்னொன்று. எங்கு ஊத வேண்டும் என்பதற்குப் பாதையோரப் பலகையும் உண்டு. வாளையாறு, கஞ்சிக்கோடு காட்டுப் பகுதியில் யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்ட துயரத்திற்குப் பின் அங்கு வேகக் கட்டுப்பாடும் வந்தது. பொருளின்றி ஊதும் ஓட்டுநர் ரயிலில் இல்லை.

நம் கடமை

இவ்வளவு சட்டம் இருந்தும் தொல்லை தீராதது ஏன்? வண்டி கடந்து போவது ஒரு நொடியில். அதை அளக்கும் கருவியோடு அதிகாரி தெருத்தோறும் நிற்றல் இயலாது. ஆகவே சட்டத்தின் கை எட்டாத இடத்தில் வீட்டின் சொல் எட்ட வேண்டும்.

நம் காலனியில் இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் கண்ணயரும் டிரைவர்களும் கார்டுகளும் உள்ளனர். அவர்கள் உறக்கம் கெட்டால் மறுநாள் ஆயிரம் பயணிகளின் உயிர் ஊசலாடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், நோயுற்ற முதியோரும், தொட்டிலிற் குழவிகளும் ஒவ்வொரு வரிசை வீட்டிலும் உள்ளனர். சாலை ஒலி இரவில் 45 டெசிபெல்லைத் தாண்டாதிருத்தல் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய நாடுகட்குப் பரிந்துரைத்தது. நம் நாட்டு விதியின் இரவு எல்லையும் அந்த எண்ணே. இது செல்வர் நாட்டாரின் ஆடம்பரமன்று, எல்லா மனிதர்க்கும் பொதுவான உடல் தேவை என்பது இதனால் விளங்கும்.

புதிய வண்டி வாங்கித் தரும் பெற்றோர், சைலன்சரை மாற்றலாகாது என்னும் உறுதியையும் உடன் வாங்கிக்கொள்க. காலனி வாயிலில் நுழைந்ததும் வேகம் குறைக்கும் வழக்கத்தை மூத்தோரே தொடங்கிக் காட்டுக. சங்கத்தின் இளைஞர் பிரிவு இதனைத் தன் பணியாக மேற்கொள்ளுமானால், அபராதச் சீட்டால் ஆகாதது அன்பால் ஆகும்.

நாம் பாலக்காட்டு மண்ணில் வாழ்கின்றோம். குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தைக் கைவிடச் செய்து, 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்கிக் காத்த மாவட்டம் இது. காட்டின் அமைதிக்காகக் கேரள மக்கள் ஆண்டுக் கணக்கில் வாதாடினார்கள். அவர்களிடையே குடியேறி வாழும் நாம், நம் தெருவின் அமைதியையேனும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறலாகாதா? தமிழர் குடியிருக்கும் தெரு என்றால் அங்கு நிம்மதியாக உறங்கலாம் என்று அயலார் சொல்லும் நாள் வருக! அந்நற்பெயரே நம் சங்கம் ஈட்டத்தக்க செல்வம்.